மாதுளைத் தோலில் ஆன்டிஆக்ஸிடன்ட் எடுக்கத் தொடங்குகிறீர்களா? ஜூஸ் கடை வாளி முதல் பரிசோதனைச் சான்று வரை

மாதுளையை ஜூஸ் போட்டால் பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தோலாகக் குப்பைக்குப் போகிறது. அந்தத் தோலில் இருக்கும் பாலிஃபீனால், அதாவது ஆன்டிஆக்ஸிடன்டாக வேலை செய்யும் தாவரப் பொருள், சாற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதில் முக்கியமானது பியூனிகலாஜின் என்கிற டானின் (துவர்ப்புப் பொருள்). அது தண்ணீரிலேயே நன்றாகக் கரைந்து வரும், விலையுயர்ந்த கரைப்பான் தேவையில்லை. வீணாகும் உணவிலிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட் எடுக்க நினைக்கும் புதியவர் வெங்காயச் சருகிலோ தக்காளித் தோலிலோ தொடங்காமல் மாதுளையில் தொடங்குவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். தக்காளியின் லைக்கோபீன் தண்ணீரில் கரையாது. வெங்காயச் சருகின் குவர்செடின் தண்ணீரில் மிகக் கொஞ்சமே கரையும்.

நான் திருச்சியில் 2022 இறுதியில் தொடங்கினேன். விற்கும் தரத்தில் முதல் கிலோ தூள் கைக்கு வர 14 மாதங்கள் ஆயின. வேலை கடினமானதால் அவ்வளவு நாள் ஆகவில்லை. எதை முதலில் செய்ய வேண்டும் என்று தெரியாமல் வரிசை மாற்றிச் செய்ததால்தான். கீழே உள்ள வரிசையில் போனால் ஏழெட்டு மாதங்களில் முடிக்கலாம்.

1. யாருக்கு விற்பீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இயந்திரம் வாங்குவதற்கு முன்பு, பெயர் வைப்பதற்கு முன்பு, இதைத்தான் செய்ய வேண்டும். எந்த உரிமம், எந்தப் பரிசோதனை, எந்தப் பாத்திரம் என்பதெல்லாம் இந்த ஒரு முடிவைப் பொறுத்தே மாறும். நான் கடைசியாகச் செய்ததும் இதைத்தான். வாய்ப்புகள் நான்கு.

உலர்ந்த தோலை அப்படியே விற்பது எல்லாவற்றிலும் எளிது. இயற்கைச் சாயம் போடுபவர்கள் வாங்குவார்கள். படிகாரத்தோடு சேர்த்தால் மஞ்சளும், இரும்போடு சேர்த்தால் சாம்பல் கறுப்பும் துணியில் ஏறும். நாட்டு மருந்துக் கடைகளிலும் சித்த மருந்து தயாரிப்பாளர்களிடமும் மாதுளை ஓடு என்ற பெயரில் இதற்குத் தேவை உண்டு. விலை குறைவுதான். ஆனால் தொடக்கத்தில் கையில் பணம் புரள இதுவே வழி.

இரண்டாவது, சோப்பு, க்ரீம் செய்பவர்களுக்கு மூலப்பொருளாக எக்ஸ்ட்ராக்ட், அதாவது தோலிலிருந்து வடித்து உலர்த்திய தூள், கொடுப்பது. நீங்களே க்ரீம் செய்து விற்றால் அது அழகுசாதனப் பொருள் ஆகிவிடும். அதற்கு 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உற்பத்தி உரிமம் வேண்டும். மூலப்பொருளோடு நிறுத்திக்கொள்வது புதியவருக்கு நல்லது.

மூன்றாவது, கேப்சூலாகவோ சத்துப் பொடியாகவோ நியூட்ராசூட்டிக்கல் விற்பது. லாபம் அதிகம், காகிதமும் அதிகம். எஃப்எஸ்எஸ்ஏஐயில், அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில், விற்றுமுதல் எவ்வளவு என்று பாராமல் மத்திய உரிமம் கேட்பார்கள்.

நான்காவது, எண்ணெய், இறைச்சி போன்றவை கெடாமலிருக்க உணவில் சேர்க்கும் பொருளாக விற்பது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் இதைப் பற்றித்தான் அதிகம் பேசுகின்றன. ஆனால் உணவுச் சேர்க்கைப் பொருள் என்றால் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கட்டுரையில் நன்றாக வேலை செய்தது என்பதை எந்த அதிகாரியும் அனுமதியாக எடுத்துக்கொள்ள மாட்டார். இந்த வழியில் முதலிலேயே கால் வைக்காதீர்கள்.

முதலில் உலர்ந்த தோல், பிறகு எக்ஸ்ட்ராக்ட் மூலப்பொருள். இதுதான் நான் சிபாரிசு செய்யும் பாதை. இரண்டு மூன்று வாங்குவோரிடம் பேசி, அவர்கள் கேட்கும் தர விவரத்தை எழுத்தில் வாங்கிய பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

2. காகிதங்கள்: எதை எந்த வரிசையில்

முதலில் இடம். வாடகை இடமாக இருந்தால் ஒப்பந்தத்தில் குடியிருப்பு என்று எழுதியிருக்கக் கூடாது. உணவுப் பொருள் பதப்படுத்தும் சிறு தொழில் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள், உரிமையாளரின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் கூடவே வாங்குங்கள். எனக்கு முதல் ஒப்பந்தம் குடியிருப்புக்கென்றே எழுதப்பட்டிருந்தது. அதைத் திருத்திப் பதிவதற்குள் ஐந்து வாரம் போயிற்று. மின் இணைப்பும் அப்படித்தான். வீட்டு இணைப்பில் உலர்த்தி ஓட்டினால் மின்வாரியம் அபராதம் போடும். குறுந்தொழிலுக்கான கட்டணப் பிரிவுக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அதற்கு உத்யம் சான்று, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவுச் சான்று, கேட்பார்கள்.

உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். ஆதார், பான் இரண்டும் போதும், அரை மணி நேரத்தில் சான்று வந்துவிடும். தேடுபொறியில் தேடினால் அரசுத் தளம் போலவே தோன்றும் தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும், 1,500 ரூபாய் 2,500 ரூபாய் என்று கேட்கும். முகவரி அரசுக்குரிய ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.

அடுத்து எஃப்எஸ்எஸ்ஏஐ. 2023இல் நான் விண்ணப்பித்தபோது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அடிப்படைப் பதிவு போதுமாக இருந்தது, ஆண்டுக்கு 100 ரூபாய். மத்திய உரிமத்துக்கு அப்போது ஆண்டுக்கு 7,500 ரூபாய். வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிமத் தளமான ஃபாஸ்காஸில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆவணங்களை ஸ்கேன் செய்து ஒரே கோப்பில் வையுங்கள்: ஆதார், பான், வாடகை ஒப்பந்தம், ஆட்சேபணையின்மைக் கடிதம், மின் கட்டண ரசீது, இடத்தின் அளவோடு கூடிய வரைபடம், இயந்திரப் பட்டியல் (ஒவ்வொன்றின் குதிரைத்திறனோடு), தயாரிப்புப் பட்டியல், உணவுப் பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம், என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஐஎஸ் 10500 என்ற குடிநீர்த் தரப்படி எடுத்த தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை. தண்ணீர் அறிக்கை வரப் பத்து நாளாவது ஆகும். ஆகவே இடம் கிடைத்த முதல் வாரத்திலேயே மாதிரியைக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு பெரிய பொறி இங்கே இருக்கிறது. மாதுளைத் தோல் எந்த உணவு வகைப்பாட்டில் வருகிறது என்பதை விண்ணப்பம் நிரப்பித் தரும் முகவர் சொல்வதைக் கேட்டுப் போடாதீர்கள். எனக்கு ஒரு முகவர் பழப்பொருள் என்று போட்டுவிட்டார். விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது, மூன்று மாதம் வீண். உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் பொருளின் பெயர், செய்முறை, யாருக்கு விற்பது என்ற மூன்றையும் எழுதிக் கொடுத்து எழுத்தில் பதில் கேளுங்கள். நியூட்ராசூட்டிக்கல் பாதையில் போவதாக இருந்தால் அந்த ஒழுங்குமுறையில் உள்ள தாவரப் பட்டியலை நீங்களே படியுங்கள். தாவரப் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அந்தத் தாவரத்தின் எந்தப் பகுதி, ஒரு நாளைக்கு எவ்வளவு என்ற இரண்டு கட்டங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழம் என்று இருப்பதால் தோலுக்கும் அனுமதி இருப்பதாக நினைத்துவிடாதீர்கள்.

கழுவிய தண்ணீர் பழுப்பாக, டானினோடு வெளியேறும் தொழில் இது. மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் உங்கள் அளவுக்கு என்ன இசைவு தேவை என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். தண்ணீர் எவ்வளவு, அது எங்கே போகிறது, கொதிகலன் உண்டா என்ற மூன்றுக்கும் பதிலோடு போங்கள்.

3. தோல் சேகரிப்பு

ஜூஸ் கடை முதலாளியிடம் பேசினால் மட்டும் போதாது. பழம் உரிக்கும் தம்பியிடம் பேசுங்கள். மாதுளைத் தோலை மட்டும் தனி வாளியில் போடுவது அவர் கையில்தான் இருக்கிறது. நான் கடைக்கு 20 லிட்டர் மூடிபோட்ட வாளி இரண்டு கொடுத்தேன். கிலோவுக்கு 4 ரூபாய் என்று பேசி, அதில் பாதியை உரிப்பவர் கையில் அன்றன்றே கொடுத்தேன். அன்றிலிருந்து ஸ்ட்ராவும் சாத்துக்குடிச் சக்கையும் வாளியில் விழுவது நின்றது. ஒரு கடையில் நாளுக்கு 5 முதல் 8 கிலோ வரும், கோடையில் இன்னும் கூடும். ஆறு கடை இருந்தால் தொடங்கலாம்.

நேரம்தான் இங்கே உயிர். வெட்டிய தோலில் இருக்கும் நொதி காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் விளிம்பு பழுப்பாகும். நம் ஊர் வெயிலில் அடுத்த நாள் காலையில் வாளியைத் திறந்தால் புளித்த வாடை வரும். வெட்டியதிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் உலர்த்திக்குள் போக வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். மதியம் ஒரு முறை, இரவு கடை மூடும்போது ஒரு முறை சேகரிப்பு. இரவுத் தோலைக் கழுவிப் பழைய குளிர்ப்பெட்டியில் போட்டுக் காலையில் உலர்த்துவேன்.

இந்த மூன்றைக் கண்டால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்: உள்ளே கறுத்துப்போன பழத்தின் தோல், பூசணம் தொட்ட தோல், கறை படிந்து பிசுபிசுக்கும் தோல். மாதுளைக்கு உள்ளே கறுப்பது பெரும்பாலும் பூஞ்சையால். வெளியே பளபளப்பாக இருக்கும், வெட்டினால்தான் தெரியும். உரிப்பவரிடம் அதை மட்டும் வேறு பையில் போடச் சொல்லுங்கள். ஒரு கைப்பிடி கெட்ட தோல் மொத்தத் தொகுதியையும் அஃப்லாடாக்சின் என்கிற பூஞ்சை நச்சுப் பரிசோதனையில் கவிழ்த்துவிடும்.

இன்னொன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் கடைகளுக்கு வரும் மாதுளையில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்துப் பகவா ரகம். சோலாப்பூர்ப் பக்கம் பாக்டீரியல் கருகல் நோய்க்காகத் தாமிர மருந்துகளைத் தெளிப்பார்கள், பூச்சிமருந்தும் தெளிப்பார்கள். ஜூஸ் குடிப்பவருக்குத் தோல் போகாது. ஆனால் நீங்கள் தோலைச் செறிவாக்கப் போகிறீர்கள். தோலில் கொஞ்சமாக இருப்பது தூளில் அதிகமாகத் தெரியும். ஏழாம் படியில் பரிசோதனைச் செலவு கண்ணை உறுத்தும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. கழுவுதல், உலர்த்துதல்

பழத்தின் தலையில் இருக்கும் கிரீடம் போன்ற பகுதியை வெட்டி எறியுங்கள். தூசியும் பூச்சியும் மருந்தும் அங்கேதான் தங்கும். ஸ்டிக்கரை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும், அரைத்த பிறகு எடுக்க முடியாது. இரண்டு முறை ஓடும் தண்ணீரில் அலசுங்கள், ஊறப் போடாதீர்கள். ஊறினால் நீங்கள் தேடும் பொருளே தண்ணீரோடு போய்விடும்.

ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் நறுக்கி, 50 முதல் 55 டிகிரியில் உலர்த்துங்கள். தட்டு உலர்த்தியில் 10 முதல் 14 மணி நேரம் ஆகும். மடித்தால் வளையாமல் டப்பென்று ஒடிய வேண்டும். வெயிலில் காயவைத்தும் பார்த்தேன். பங்குனி, சித்திரையில் இரண்டரை நாளில் காய்ந்தது. ஐப்பசியில் மூன்றாம் நாளே பூசணம் பிடித்தது. வெயிலை நம்பினால் வருடத்தில் பாதிதான் தொழில். நீங்கள் விவசாயி என்றால் வேளாண் பொறியியல் துறையில் சோலார் கூடார உலர்த்திக்கான மானியத்தை விசாரியுங்கள், மின்செலவில் பெரும்பகுதி குறையும்.

100 கிலோ ஈரத்தோலுக்கு எனக்கு 28 முதல் 30 கிலோ உலர்ந்த தோல் கிடைக்கிறது. இதற்கு மேல் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள், தோல் இன்னும் காயவில்லை என்று பொருள். உலர்ந்த துண்டுகளாகவே காற்றுப் புகாத டிரம்மில் வையுங்கள். வடிக்கும் நாளன்று அரைத்தால் போதும். தூளாக வைத்தால் ஈரம் இழுத்துக் கட்டி தட்டும்.

5. வடித்தல்

பாத்திரத்திலும் தண்ணீரிலும் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் முதல் மூன்று தொகுதிகளும் இதில்தான் போயின. பழுப்பு மஞ்சளாக வர வேண்டிய சாறு மசிபோலக் கறுத்துவிட்டது. தோல் கெட்டது என்று நினைத்து இரண்டு கடையை மாற்றினேன். உண்மையான காரணம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த இரும்பு. டானினும் இரும்பும் சேர்ந்தால் மசிதான். இரும்புச் சட்டி, துருப்பிடித்த வடிகட்டி, கீறல் விழுந்த மலிவான ஸ்டீல், இரும்புள்ள தண்ணீர் எதுவும் கூடாது. 304 அல்லது 316 தரத் துருவேறா எஃகும் ஆர்ஓ தண்ணீரும் வேண்டும். கடினத் தண்ணீரின் கால்சியமும் டானினைப் பிடித்து அடியில் இறக்கிவிடும்.

தோலை ரவைப் பதத்துக்கு அரையுங்கள். மாவாக அரைத்தால் சத்து அதிகம் வரும் என்று தோன்றும், ஆனால் துணி அடைத்துக்கொண்டு பாதிச் சாறு சக்கையிலேயே தங்கிவிடும். 10 கிலோவுக்கு 100 லிட்டர் தண்ணீர். 60 முதல் 70 டிகிரியில் அரை மணி நேரம், விடாமல் கிளற வேண்டும். கொதிக்க விடாதீர்கள். கொதித்தால் பெக்டின் கரைந்து சாறு கலங்கும். நீண்ட நேரச் சூட்டில் பியூனிகலாஜின் உடைந்து எல்லாஜிக் அமிலமாகி, கரையாமல் மஞ்சள் வண்டலாக அடியில் படியும். மல் துணியில் வடித்துப் பிழிந்து, சக்கைக்கு இன்னும் 40 லிட்டர் ஊற்றி இன்னொரு முறை. இரண்டையும் சேர்த்து இரவு குளிரில் வைத்து, காலையில் தெளிவை மட்டும் இறுத்து 5 மைக்ரான் வடிப்பையில் விடுங்கள்.

தோல் நீர் தானாகவே புளிப்புத்தன்மை கொண்டது. பிஹெச் 4க்கு மேல் போனால் மட்டும் லிட்டருக்கு அரை கிராம் எலுமிச்சை உப்பு சேருங்கள். சோடா உப்பு மறந்தும் வேண்டாம், காரத்தில் பாலிஃபீனால் சீக்கிரம் சிதையும்.

கரைப்பான் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் மெத்தனால் என்று பார்ப்பீர்கள். அது ஆய்வகத்தில் அளந்து பார்ப்பதற்கு. மனிதர் உடலுக்குள்ளோ மேலோ போகும் பொருளுக்கு மெத்தனாலைத் தொடாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது அதுதான். உரிமமின்றி அதை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். எத்தனால் பாதுகாப்பானது, நன்றாகவும் வடிக்கும், ஆனால் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம், இருப்புப் பதிவேடு, தீப்பாதுகாப்பு என்று தனி உலகம் அது. இந்தத் தோலுக்குத் தண்ணீரே போதும்.

6. தண்ணீரை விரட்டுதல்

செலவு எங்கே என்று கேட்டால் இங்கேதான். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கக் கணக்குப்படி 0.63 யூனிட் மின்சாரம், நடைமுறையில் வீணாவதையும் சேர்த்தால் ஒரு யூனிட்டை நெருங்கும். 10 கிலோ அரைத்த தோலுக்கு வடித்த சாற்றில் 110 லிட்டர் கையில் வரும். யூனிட் 8 ரூபாய் என்றால் ஒரு தொகுதிக்கு 800 ரூபாய்க்கும் மேல் தண்ணீரை விரட்ட மட்டுமே. அதில் கிடைக்கும் எக்ஸ்ட்ராக்ட் எனக்கு 3 கிலோ. இதனால்தான் கட்டுரைகளில் வரும் ஒன்றுக்கு ஐம்பது என்ற தண்ணீர் விகிதத்தைத் தொழிலில் அப்படியே எடுக்க முடியாது.

திறந்த அடுப்பில் சுண்டவைக்காதீர்கள், நிறமும் குணமும் இரண்டும் போகும். வெற்றிட ஆவியாக்கியில் 50 டிகிரிக்குள் 15 முதல் 20 பிரிக்ஸ் (சாற்றில் கரைந்துள்ள பொருளின் சதவீதம்) வரை கொண்டுவாருங்கள். கையடக்கப் பிரிக்ஸ் மானி 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும், முதல் நாளே வாங்குங்கள்.

வெற்றிட ஆவியாக்கியையும், செறிந்த சாற்றைத் தூளாக்கும் ஸ்ப்ரே டிரையரையும் வாங்காதீர்கள், வாடகைக்குப் பயன்படுத்துங்கள். சின்ன அளவுக்கே பல லட்சம். தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் நிறுவனத்திலும், கோவை வேளாண் பல்கலைக்கழகத் தொழில் காப்பகத்திலும் (இன்குபேட்டர்), மதுரை வேளாண் தொழில் காப்பகத்திலும் புதிய தொழில்முனைவோருக்கு வழிகாட்டுகிறார்கள். எந்த இயந்திரம் இருக்கிறது, நாள் வாடகை என்ன, உங்கள் மூலப்பொருளை ஏற்பார்களா என்று போனில் கேட்டுக்கொண்டு, மின்னஞ்சலில் உறுதி வாங்கிய பிறகே போங்கள். தேதிக்கு நான் மூன்று வாரம் காத்திருந்தேன். குளிரில் வைத்திருந்த 80 லிட்டர் சாறு அதற்குள் புளித்துப்போயிற்று. தேதி கையில் வந்த பிறகு வடியுங்கள்.

ஸ்ப்ரே டிரையரில் ஒட்டாமலிருக்க மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி சேர்ப்பார்கள். எவ்வளவு சேர்க்கிறீர்களோ அவ்வளவு உங்கள் சரக்கு நீர்த்துப்போகிறது. அளவை எழுதி வையுங்கள், வாங்குபவரிடம் சொல்லுங்கள், லேபிளில் போடுங்கள். வெளியே வந்த தூள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மழை நாளில் திறந்து வைத்த தட்டு அரை மணி நேரத்தில் பாகாகிவிட்டது. வந்த சூட்டோடு அலுமினிய லேமினேட் பையில் போட்டு ஒட்டிவிடுங்கள்.

7. பரிசோதனை

வீட்டிலேயே ஒரு துளி ஃபெரிக் குளோரைடு விட்டால் நீலக்கறுப்பு வரும். டானின் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம், எவ்வளவு என்று சொல்லாது. விற்பனைக்கு ஆய்வக அறிக்கை வேண்டும்.

ஆய்வகத்தில் மூன்று சொற்களைக் கேட்பீர்கள். மொத்த பாலிஃபீனால் என்பது ஃபோலின் முறையில் அளப்பது, காலிக் அமிலத்துக்குச் சமமாக இத்தனை மில்லிகிராம் என்று வரும். இந்த முறை வைட்டமின் சி, சில சர்க்கரைகள் ஆகியவற்றையும் சேர்த்து எண்ணிவிடும், ஆகவே எண் கொஞ்சம் கூடித் தெரியும். டிபிபிஹெச் என்பது ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றலைப் பார்ப்பது. எச்பிஎல்சி என்ற கருவி பியூனிகலாஜினைத் தனியாக அளக்கும், விலை அதிகம். முதல் தொகுதிகளுக்கு மொத்த பாலிஃபீனால் போதும். வாங்குபவர் கேட்கும்போது எச்பிஎல்சி எடுக்கலாம்.

மாதிரி கொடுக்கும்போது அறிக்கை எதன் அடிப்படையில் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஈரம் கழித்த எடைக்கா, அப்படியே உள்ள எடைக்கா? எனக்கு அறிக்கையில் அது இல்லாததால் வாங்குபவர் திருப்பி அனுப்பினார், மறுபடி 2,500 ரூபாய், மறுபடி 12 நாள். கூடவே கேட்க வேண்டியவை: பூச்சிமருந்து எச்சம், கன உலோகம் (தாமிரத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்), அஃப்லாடாக்சின், நுண்ணுயிர் எண்ணிக்கை. முழுத் தொகுப்புக்கு 15,000 முதல் 20,000 ரூபாய் வரை எனக்கு ஆயிற்று. ஆய்வகம் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்றதா என்பதோடு, நீங்கள் கேட்கும் அந்தச் சோதனை அவர்கள் அங்கீகார எல்லைக்குள் வருகிறதா என்றும் பாருங்கள்.

சந்தையில் 40 சதவீத எல்லாஜிக் அமிலம் என்று விற்கும் மாதுளை எக்ஸ்ட்ராக்டைக் காட்டி, உங்களுடையதும் அப்படி இருக்கிறதா என்று கேட்பார்கள். தண்ணீரில் வடித்த தோல் சாற்றில் பியூனிகலாஜின்தான் மேலோங்கி இருக்கும், தனித்த எல்லாஜிக் அமிலம் குறைவு. வெளியிலிருந்து எல்லாஜிக் அமிலம் கலந்து எண்ணை உயர்த்திய சரக்கும் சந்தையில் உண்டு. அந்த எண்ணைத் துரத்திப் போகாதீர்கள். உங்கள் அறிக்கையில் உள்ளதைச் சொல்லுங்கள்.

லேபிளில் சர்க்கரை நோய் தீரும், புற்றுநோய் தடுக்கும் என்று ஒரு வரியும் போடாதீர்கள். நோய் தீர்ப்பதாகச் செய்யும் விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். தெரிந்தவர்களுக்கு இலவசமாகக் குடிக்கக் கொடுப்பதும் வேண்டாம். டானின் உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ரத்தசோகை உள்ளவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் தினசரி மாத்திரை சாப்பிடுபவருக்கும் அது தீங்கு செய்யக்கூடும்.

8. பணமும் நாட்களும்

12 தட்டு உலர்த்தி 1,20,000 ரூபாய், துருவேறா எஃகுத் தொட்டி, வடிப்பான்கள் 45,000, ஆர்ஓ 18,000, அரைவை 22,000, வாளி, டிரம், தராசு 15,000, பரிசோதனைகள் 40,000 (திரும்ப எடுத்ததையும் சேர்த்து), காப்பக வாடகை 30,000. வாடகை முன்பணம் தனி. சுமார் மூன்று லட்சம் இல்லாமல் எக்ஸ்ட்ராக்ட் வரை போகாதீர்கள். உலர்ந்த தோலோடு நிற்பதென்றால் ஒன்றரை லட்சம் போதும்.

மத்திய அரசின் குறு உணவுத் தொழில் திட்டத்தில், அதாவது பிஎம்எஃப்எம்இயில், 35 சதவீத மானியம் உண்டு, உச்சம் 10 லட்சம் ரூபாய். குறைந்தது 10 சதவீதம் உங்கள் பங்கு. அது நடைமுறையில் உள்ளதா என்று விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு விஷயங்களை எனக்கு யாரும் சொல்லவில்லை. கடன் ஒப்புதலுக்கு முன்பு வாங்கிய இயந்திரம் கணக்கில் வராது. மானியம் உடனே கைக்கு வராது, வங்கியிலேயே மூன்று ஆண்டு நின்று, தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால்தான் கடனில் கழியும். அதை நம்பி மாதத் தவணையைக் கணக்குப் போடாதீர்கள். திட்ட அறிக்கை எழுத இத்திட்டத்துக்கென உள்ள மாவட்ட ஆதார நபர் உதவுவார், அவருக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை.

நாட்கள்: வாங்குவோரிடம் பேச ஒரு மாதம், இடமும் ஒப்பந்தமும் தண்ணீர் அறிக்கையும் ஒரு மாதம், பதிவுக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். பதிவு வரும்வரை விற்காதீர்கள். உலர்த்திப் பழகுங்கள், ஈரக் கணக்கு எழுதுங்கள். ஐந்தாம் மாதம் உலர்ந்த தோல் விற்பனை, ஆறாம் மாதம் காப்பகத்தில் முதல் எக்ஸ்ட்ராக்ட், ஏழாம் மாதம் அறிக்கை. மாசியில் தொடங்கினால் ஜூஸ் கடைக் கோடை கைக்கு வரும். ஒவ்வொரு தொகுதியிலும் 50 கிராம் எடுத்துத் தேதி எழுதி இருட்டில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது புகார் சொன்னால் காட்டுவதற்கு உங்களிடம் அது ஒன்றுதான் இருக்கும்.

9. சக்கை

வடித்த பிறகும் 10 கிலோவில் ஏறத்தாழ 7 கிலோ எஞ்சும், ஈரத்தோடு எடை போட்டால் 20 கிலோவுக்கும் மேல். தெருத்தொட்டியில் போட்டால் இரண்டாம் நாளே பக்கத்து வீட்டார் வருவார்கள். அதில் மீதமிருக்கும் டானினால் சாதாரணக் குப்பைபோல் சீக்கிரம் மட்காது. சாணக்கரைசலோடும் காய்கறிக் கழிவோடும் சக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை புரட்டினால் நாலு மாதத்தில் எருவாகிறது. மாட்டுக்குப் போடலாமா என்று பலர் கேட்டார்கள். டானின் தீவனப் புரதத்தைக் கட்டிப்போடும் என்பதால் நான் கொடுக்கவில்லை. கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்காமல் நீங்களும் கொடுக்காதீர்கள். கழுவிய பழுப்புத் தண்ணீரை மூன்று நாள் தொட்டியில் தங்கவைத்துச் சிறிது சுண்ணாம்பு கலந்தால் பெரும்பாலான டானின் அடியில் இறங்கிவிடும். மேல் தண்ணீரை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம் அனுமதித்த வழியில் விடுங்கள், அடிவண்டலை எருக்குழியில் சேருங்கள்.